யார் போட்ட சோறு

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்பட்டவன். எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் எனக்கு டெஸ்டர் வேலை. காலையும் சாயங்காலமும் வரிசையில் வருகிற ஒவ்வொரு சொம்பையும், இதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நினைத்தபடிதான் கையில் வாங்க வேண்டும். இல்லை என்பதைப் பால்மானிக் கருவி சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றுவது சாதாரணத் திருட்டு. ஆடையை எடுத்துவிட்டு அதற்குத் தகுந்தாற்போல் தண்ணீர் விட்டால் கருவியே ஏமாந்து போகும். மாவு கரைத்து ஊற்றுகிறவர்களும் இருந்தார்கள். எல்லாத் தந்திரமும் எனக்கு அத்துப்படி. கோயில் பூசாரி கொண்டுவந்த பாலை ஒருநாள் இரண்டாம் முறை சோதித்தபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா நைனா, சாமி பால்லயுமா தண்ணி?"

"சாமி கலக்க மாட்டாருங்க" என்றேன்.

அப்படிப்பட்ட எனக்குக் கல்யாணமான ஏழாம் மாதம் வயிறு கெட்டது. முதலில் சாதாரணப் போக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு சளி வந்தது. பிறகு ரத்தம். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. அப்போது எங்கள் தெருவில் கக்கூஸ் கட்டிய வீடு ஒன்றுகூடக் கிடையாது. எல்லோருக்கும் ஏரிக்கரைதான். கையில் சொம்போடு ஒருவன் எத்தனை தரம் போகிறான், எத்தனை தரம் வருகிறான் என்பது தெருவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். பால் வரிசையை அப்படியே நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறேன். திரும்பி வந்தால் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு சிரிப்பு போய்க்கொண்டிருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வருஷமெல்லாம் என்னிடம் பேச்சு வாங்கியவர்கள்.

கம்பவுண்டர் சீதபேதி மாத்திரை கொடுத்தார். நாலு நாள் நின்றது, ஐந்தாம் நாள் இரண்டு பங்காக வந்தது. வைத்தியர் சூடு என்றார். சூட்டுக்குப் பால் குடி என்று ஊரே சொன்னது. சொசைட்டியிலிருந்து நானே நல்ல பாலாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். என் மனைவி காய்ச்சி, காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று டம்ளர் நிறையக் கொடுத்தாள். குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உருள ஆரம்பிக்கும். பாலைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவேயில்லை. அது நான் சோதித்த பால்.

மனைவி புள்ளலூர்ப் பெண். எங்களுக்கு அசல், உறவு கிடையாது. என் அம்மா தன் அண்ணன் மகளை எனக்குக் கட்டிவைக்க ஆசைப்பட்டிருந்தாள். ஜாதகம் சேரவில்லை என்று அது நின்றுபோயிற்று. அந்த வருத்தத்தை அம்மா யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மருமகள் அரைத்த துவையலில் உப்பு இருந்தால் ஊதாரித்தனம் என்பாள், இல்லாவிட்டால் கருமித்தனம் என்பாள். வந்தவள் பதில் பேசாத ரகம். அதுவே அம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் நான் ஏரிக்கரையிலிருந்து நாலாம் முறை திரும்பியபோது அம்மா வாசலில் மறித்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நைனா, இது சூடும் இல்ல, கீடும் இல்ல. சோத்துல என்னமோ கீது. அவ உனுக்கு மருந்து வெச்சிக்கீறா."

எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்வதற்காகப் பெண்டாட்டி சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாள். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பார்கள். வைத்த மருந்தை எடுப்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு அம்மா என்னை அழைத்துப் போனாள்.

எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

"யாரு சோறு போடறாங்க?"

"மருமவதான்."

"சொந்தமா, அசலா?"

"அசல்தாம்மா" என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

என்னைப் படுக்கவைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் குழலை அழுத்தி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினாள். பிறகு வாயிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை இலையில் துப்பினாள். சுண்டைக்காய் அளவு. அதில் ஒரு மயிர் சுற்றியிருந்தது.

"தயிர் சோத்துல வெச்சிக்கீறாங்க. குடலோட ஒட்டிக்கினு கெடந்திச்சி" என்றாள். நாற்பத்தெட்டு நாள் பத்தியம் சொன்னாள். குழைந்த அரிசிக் கஞ்சி, உப்பு மட்டும். பால், தயிர், எண்ணெய், காரம், பருப்பு, கீரை எதுவும் கூடாது. முக்கியமாக, வைத்த கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கக் கூடாது.

அரை லிட்டர் பாலுக்கு ஆயிரம் கேள்வி கேட்ட நான், அந்த உருண்டையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கேட்டதையும் அம்மா சொன்னதையும் என் காதாலேயே கேட்டேன். வருகிறவன் வாயிலிருந்தே விஷயத்தைப் பிடுங்கி அவனிடமே விற்கிற வித்தை எனக்குத் தெரியாததா? அன்றைக்குத் தெரியவில்லை. வயிற்றில் நோய் இருக்கிறவனுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும். காரணம் கிடைக்காவிட்டாலும் ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இலையை விரித்து அந்த உருண்டையை என் மனைவியின் முன்னால் வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். என் மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அதே சோத்ததான் நானும் துன்னேன், அத்த. எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"நீ துன்னத யாரு பாத்தா?" என்றாள் அம்மா.

யாரும் பார்த்ததில்லைதான். ஆண்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவி வெளியே போன பிறகு, பெண்கள் அடுப்பங்கரையில் மிச்சத்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லார் வீட்டிலும் அதுதான். அத்தனை மாதத்தில் அவள் ஒரு வாய் மென்றதை நான் கண்ணால் கண்டதில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு அது போதுமாயிருந்திருக்கும். நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா வந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், மகளையும் அவள் டிரங்குப் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கெடுத்தது. எனக்குக் குணமாயிற்று. இரண்டாம் வாரம் ரத்தம் குறைந்தது, ஐந்தாம் வாரம் சுத்தமாக நின்றது. அம்மா தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். நானும் பால் வரிசையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சோதித்துப் பார்த்தாயிற்று, ரீடிங் வந்துவிட்டது என்கிற தோரணையில் சொன்னேன். அந்தப் பேச்சு பால் கேனை விட வேகமாகப் புள்ளலூர் போய்ச் சேர்ந்தது. என் மனைவியின் தங்கைக்கு வந்திருந்த வரன், மருந்து வைக்கிற குடும்பம் என்று திரும்பிப் போனது. அதை என்னிடம் ஒரு பால்காரர் சொன்னபோது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் இருந்தது.

பத்தியம் முடிந்தது. அம்மா என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். பால், நெய், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். விடியற்காலையில் ஏரிக்கரையில் மறுபடியும் ரத்தத்தைப் பார்த்தேன்.

"அங்க இருந்துக்கினே ஏவி வுட்டுட்டா" என்றாள் அம்மா.

நான் தலையாட்டினேன். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அம்மா எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தபோது, நான் அவள் விரல்களைப் பார்த்தேன். மோதிர விரல் நகத்துக்கடியில் கறுப்பாக என்னவோ இருந்தது. அடுப்புக் கரிதான். அது கரியா என்று பார்ப்பதற்காக நான் குனிந்தேன். என்னைப் பெற்றவளின் கையைக் குனிந்து பார்த்தேன். யார் கையால் சாப்பிட்டு ரத்தம் வருகிறதோ அவர்தான் குற்றவாளி என்று நானே போட்ட கணக்கு, இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு என் மேலேயே பயம் வந்துவிட்டது. மறுநாள் சொசைட்டிக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறி, பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு டாக்டர் என்னை முட்டி போட்டுக் குனியவைத்து, பின்பக்கமாக ஒரு இரும்புக் குழாயை விட்டு, அதில் விளக்கைப் போட்டுப் பார்த்தார். இதுவும் குழல்தானே என்று நினைத்துக்கொண்டேன். இவரும் எதையாவது எடுத்துக் காட்டுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் எடுக்கவில்லை. பெருங்குடலின் உள்சுவர் முழுக்கப் புண்ணாகி, தொட்டால் ரத்தம் வருகிற நிலையில் இருக்கிறது என்றார். சீதபேதிக் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள், இல்லை.

"நீங்க என்னென்ன சாப்பிடுவீங்க? வீட்ல யார் சமைக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாளும் இதைத்தான் கேட்டாள். சரி, இவரும் அந்த வழிதான் என்று எண்ணி, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"யாரும் எதுவும் வைக்கலை. எல்லார் குடல்லயும் கோடிக்கணக்கான கிருமி குடியிருக்கு. நாம சாப்பிட்டது போக மிச்சம் கீழ இறங்குதில்ல, அதைத் தின்னு அது பிழைக்குது. அதால நமக்கு நல்லதும் உண்டு. சில பேர் உடம்பு மட்டும் அதோட சண்டை போட ஆரம்பிச்சுடுது போலிருக்கு. அந்தச் சண்டையில புண்ணாகறது நம்ம குடல்தான். ஏன் ஆரம்பிக்குதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது."

"அந்தக் கிருமிய யார் சார் உள்ள வெச்சது?"

"பொறக்கும்போதே தாய்கிட்டேர்ந்து ஒட்டிக்குது. ஆள் பேர் கேட்டீங்கன்னா, உங்கம்மா பேரைத்தான் சொல்லணும்" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாதது ஒட்டிக்கிடக்கிறது, உணவோடு வந்தது, அதுதான் என்னை வதைக்கிறது என்று சொல்கிற இன்னொரு ஆளாகத்தான் அவர் எனக்குப் பட்டார். பத்தியத்தில் ஏன் சார் நின்றது என்று மடக்கினேன்.

"அப்ப நீங்க பாலை நிறுத்தினீங்க, காரத்தை நிறுத்தினீங்க, கீரை பருப்பை நிறுத்தினீங்க, சமைக்கிற ஆளையும் மாத்தினீங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு, ஆளாலதான் நின்னுதுன்னு எப்படிச் சொல்றீங்க? இந்த வியாதி தானா அடங்கும், தானா கிளம்பும். எதுவுமே மாத்தாம இருந்திருந்தாலும் அடங்கியிருக்கலாம்."

டெஸ்டர் வேலை பார்க்கிறவனுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

மஞ்சள் மாத்திரை கொடுத்தார். பெரிய மாத்திரை. தின்ற மறுநாள் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. ஆஸ்பத்திரியிலும் எதையோ வைத்துவிட்டார்கள் என்று பஸ் ஏறி மறுபடி ஓடினேன். மருந்தின் நிறம்தான், பயப்படாதே என்றார் டாக்டர். பிறகு அந்த மாத்திரையைப் பற்றி ஒன்று சொன்னார். அது வயிற்றில் முழுசாகக் கரைந்து வேலை செய்வதில்லையாம். பெருங்குடல் வரை போனதும், அங்கிருக்கிற அதே கிருமிகள்தான் அதை இரண்டாக உடைத்துவிடுகின்றன. உடைந்த பிறகுதான் மருந்து. நான் யாரைக் குற்றவாளி என்று புதிதாக முடிவு கட்டியிருந்தேனோ, அவர்கள்தான் எனக்கு மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன தின்றேன், எத்தனை முறை போனேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன். நாலு மாதம். பச்சைப்பால் போலவே காய்ச்சிய பாலும் எனக்கு ஆகவில்லை. தயிரை உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. பாலில் இருக்கிற ஒரு சர்க்கரையைத் தயிர் உறையில் இருக்கிற கிருமி கொஞ்சம் தின்றுவிடுகிறது, அதனால் இருக்கலாம் என்றார் டாக்டர். புண் அதிகமாக இருக்கிற நாளில் கீரை, கடலை, மிளகாய் தொல்லை. அடங்கிய நாளில் அதே கீரையால் ஒன்றுமில்லை. இது என் வயிற்றுக்கு, இன்னொருவர் வயிற்றுக்கு வேறு மாதிரி இருக்கும் என்றும் சொன்னார். நோட்டில் அவர் கேட்காத ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்து விரலை வைத்தார்.

"இது எதுக்கு?"

'சமைத்தது யார்' என்று தலைப்பு போட்டிருந்தேன். நாலு மாதமும் அம்மாதான். நல்ல நாளும் அம்மா, கெட்ட நாளும் அம்மா. என் கையெழுத்திலேயே அது வரிசையாக இறங்கியிருந்தது. டாக்டர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

புள்ளலூரில் என் மாமனார் என்னை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமியார் உள்ளேயே இருந்தாள். என் மனைவி மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கிருமி, மாத்திரை, பால், நோட்டு எல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் வெக்கலன்னு டாக்டரு சொன்னாரு."

"ஆமா."

"டாக்டரு சொல்லலன்னா?"

அவள் தவிட்டைக் கரைத்து முடித்தாள்.

"வரேன். என் தங்கச்சிக்கோசரம் வரேன். நான் இங்க கீற வரைக்கும் அவள எவனும் கட்ட மாட்டான்" என்றாள்.

திரும்பி வந்த அன்று அவள்தான் சமைத்தாள். நோட்டை நான் அம்மாவுக்கும் படித்துக் காட்டியிருந்தேன். தட்டில் சோறு, மேலே தயிர். நான் உட்கார்ந்தேன். சத்தியமாக எனக்குச் சந்தேகமில்லை. பழக்கத்தில் கை சோற்றுக்கு மேலே ஒரு கணம் நின்றது. கண் சிமிட்டுகிற நேரம்தான். அவள் பார்த்துவிட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, மென்று, விழுங்கினாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இன்னா இது, புருஷன் சோத்த எச்சல் பண்ணிக்கினு?" என்று அம்மா பதறினாள்.

"யாரும் பாக்கலன்னு சொன்னீங்களே, அத்த. இனிமே பாருங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து வேளா வேளைக்கு அதுதான். வேண்டாம் என்று கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் சாப்பிடாமல் எழுந்தும் போனேன். அவள் அசையவில்லை. அடுத்த வருஷம் ஒருமுறை கொஞ்சம் ரத்தம் தலைகாட்டியது. டாக்டரிடம் போனேன், மாத்திரையைக் கூட்டினார், அடங்கியது. இடையில் அந்த ஒரு வாரம் நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவள் எடுக்கிற வாய் பெரிதா, சிறிதா என்று பார்த்தேன். தட்டின் எந்த ஓரத்திலிருந்து எடுக்கிறாள் என்று பார்த்தேன். சொசைட்டியில் கேனை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் சோதனைக்குப் பால் எடுப்போம். மேலாக எடுத்தால் உண்மை தெரியாது. அது என் மண்டைக்குள் ஓடியது. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் அவள் சோற்றை முழுக்கப் பிசைந்து, நடுவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள்.

அவள் தங்கைக்கு வரன் அமைந்தது. புள்ளலூரிலேயே கல்யாணம். பந்தியில் என்னை மாமனாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதிர்வரிசையில் இருந்தார்கள். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் ஊற்றினார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் குனிந்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். பந்தியே பார்த்தது.

"யம்மாடி, வூட்டுக்காரர் எலையில கை வெக்காம இருக்க முடியாதாமே!" என்று மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி உரக்கச் சொன்னாள். பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். இத்தனை ஒட்டுதலான புருஷன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை என்று ஒரு பெரியவர் சொன்னார். இவளைப் பற்றியா அப்படிப் பேசினார்கள் என்று யாரோ யாரிடமோ முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் மனைவியும் சிரித்தாள். வாயில் சோற்றோடு சிரித்தாள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அவள் தொண்டை ஏறி இறங்குகிற வரை பார்த்திருந்துவிட்டுத்தான் இலையில் கை வைத்தேன்.